ஐந்து கிலோவுக்குக் கீழே

எங்கள் எடைமேடைக்கு
ஐந்து கிலோவுக்குக் கீழே உலகம் கிடையாது.
நான் ஏறினால் நாற்பத்தைந்து.
இறங்கினால் பூஜ்யம்.

வியாசர்பாடி, சுரங்கப்பாலம் தாண்டி
காஜா பாயின் காயலான் கடை.
கணக்கு எழுதுவது நான், பவுலின்.
தாவரவியல், மூன்றாம் ஆண்டுக் கட்டணம் பாக்கி.

பாலத்தடியில் பஸ் மூழ்கிய ஐப்பசியில்
கிழிந்த தீவன மூட்டை சிந்திய நெல் ஒன்று
அறுத்துப் போட்ட நீல டிரம்மின் சேற்றில்
தானாய் முளைத்தது.
தேசப்பன் பிடுங்கப் போனான்.
இருக்கட்டும் என்றேன்.
ஏனென்று எனக்கே தெரியாது.

மழை விட்டது. சேறு இறுகியது.
இளம் இலை வெளுத்தது,
நரம்பு மட்டும் பச்சையாய்
நோட்டுக் கோடு போல.
சுற்றிலும் எட்டு டன் கம்பி,
ரயில் பெட்டியின் கதவு, கப்பல் சங்கிலி.
துரு ஒழுகி டிரம்முக்குள்ளேயே படிகிறது.
பயிருக்கு இரும்புப் பசி.

அதே வாரம் ஸ்டான்லியில் விரலைக் குத்தி
சீட்டு எழுதினார்கள்: ஏழு புள்ளி ஒன்பது.
'எங்கம்மா வேலை?'
இரும்புக் கடையில் என்றேன்.
முதலில் சிரித்தது நானா நர்ஸா, நினைவில்லை.

துரு என்பது பூட்டிய இரும்பு.
வேருக்குப் பல் கிடையாது.
அதனால் அது வேர்க்கிறது.
பொழுது புலர்ந்த சில நாழிகை,
நான் ஷட்டர் தூக்கும் அதே நேரம்,
தன் உடம்பில் காய்ச்சிய அமிலத்தை
மண்ணுக்குக் கடனாய் அனுப்புகிறது.
அது துருவைக் கட்டிப்பிடித்துத் திரும்பும்.
அந்தப் பிடியை அடையாளம் கண்டு
ஒரு கதவு திறக்கும்.
புல் சாதிக்கு மட்டும் வாய்த்த வித்தை.
நெல் இதில் கொஞ்சம் கஞ்சம்;
பார்லி வாரி இறைக்குமென்று படித்திருக்கிறேன்.
போட்ட முதலில் பாதியைக் கிருமி தின்றுவிடும்.
பாய் இந்த வியாபாரத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்.

தேசப்பன் இரக்கப்பட்டு
தினம் ஒரு வாளி ஊற்றினான்.
தண்ணீர் நின்றதும் சேறு மூச்சடைத்தது,
பூட்டெல்லாம் கழன்று
இரும்பு கரைந்து வந்து மோதியது.
இப்போது பயிர் இலைவழி வாங்கிய காற்றை
வேருக்கு இறக்கி வெளியே ஊதி
வந்த இரும்பை வாசலிலேயே துருவாக்கி
அதையே சட்டையாய் மாட்டிக்கொண்டது.
ஒரு வேரை இழுத்துப் பார்த்தேன்,
செங்கல் நிறம்.
மீறி நுழைந்தது உள்ளறையில் அடைபடும்.
வெளியே விட்டால் எரித்துவிடும்.

போதும் என்றொரு சொல்
அதன் வேரில் இருக்கிறது.
எங்கள் பேரேட்டில் அதற்குப் பத்தி இல்லை.

ஆனால் கிழக்கு மூலையில் பேட்டரி உடைக்கிறார்கள்.
காட்மியம் துத்தநாகத்தின் சாயலில் வரும்.
காவல்காரனுக்கு முகம் குழம்பும்.
கொஞ்சத்தை வேர் பிடித்து அடைக்கும்,
கொஞ்சம் கதிர்வரை ஏறும்.

தை பிறந்தது. நாற்பத்து மூன்று மணி.
எண்ணியவன் தேசப்பன்.
'இன்னாக்கா, பொங்கலுக்கு ஆவுமா?'
வேண்டாம் என்று
பேட்டரி மூலையைக் காட்டினேன்.
அவன் அங்கே பார்த்தான்.
பிறகு தன் கையைப் பார்த்தான்.
லுங்கியில் துடைத்துக்கொண்டு
டிபன் பாக்ஸைத் திறக்கப் போனான்.
என் விரலிலும் அந்த மூலையின் சாம்பல்,
பேரேட்டின் ஒவ்வொரு தாளிலும்.

ஒரு பெண்ணுடம்பின் மொத்த இரும்பு
ஏறக்குறைய மூன்று கிராம்.
ஒரு ஆணி.
எனக்குக் குறைவது அதன் கொண்டை.

மாத்திரையை டீயோடு விழுங்காதே என்றார்கள்.
டீயும் இரும்பைக் கட்டிப்பிடிக்குமாம்,
ஆனால் எந்த வாசலுக்கும் அழைத்துப் போகாது.
பதினோரு மணிக் கிளாஸ் மேசையில் ஆறுகிறது,
மேலே ஆடை படர்கிறது.

வெளியே லாரி ஹாரன்.
எண் அசைகிறது.
எழுதிக்கொள்கிறேன்,
நாக்கில் துருவின் ருசியோடு.